ஈரக் கொலரும் ஈயக் குண்டும்: எதையும் சப்பும் ஒரு சிறுவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

தை மாதம் முதல் கிழமை அந்தத் தாய் எங்கள் நிலையத்துக்கு வந்தபோது கையில் ஒரு சொப்பிங் பை இருந்தது. உள்ளே நான்கு பாடசாலைச் சேட்டுகள். நான்கிலும் கொலர் நைந்து நூல் பிரிந்திருந்தது. இரண்டில் இடப்பக்க நுனியே இல்லை. "மிஸ், இது போன தவணைக்கு மட்டும். கழுவிக் காயப்போட்டு மறுகா போடலாம் எண்டு பாத்தா, போடுறதுக்குச் சேட்டே இல்ல" என்றார். பக்கத்தில் நின்ற மகன் ஐந்தாவது சேட்டின் கொலரைக் கடைவாய்க்குள் தள்ளிச் சப்பிக்கொண்டிருந்தான். நெஞ்சு வரை ஈரம். நாடிக்குக் கீழே தோல் சிவந்து வெடித்திருந்தது.

வயது 6 வருடம் 4 மாதம். ஓட்டிசம் என நான்கு வயதில் உறுதி செய்யப்பட்டவன். தனிச்சொற்கள் இருபதளவில் சொல்வான். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். வீடு மட்டக்களப்பு வாவிக்கரையில், முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு மீனவக் குடியிருப்பில். தகப்பன் வீச்சு வலைத் தொழில் செய்பவர். வீட்டில் பெத்தாவும் (பாட்டி) ஒரு தங்கச்சியும். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

தாய் கேட்டது ஒன்றே ஒன்று. "இத நிப்பாட்டித் தாங்க மிஸ்." தொழில்வழிச் சிகிச்சையாளராகிய நான் அந்த வேண்டுகோளை அப்படியே எடுத்துக்கொண்டேன். அது பிழை. அந்தப் பிழையால் ஏறத்தாழ ஏழு கிழமை ஒரு பிள்ளையின் வாய்க்குள் ஈயம் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆய்வை எழுதக் காரணமும் அதுதான்.

வீட்டில் ஏற்கெனவே செய்து பார்த்தவை

அயலில் ஒருவர் சொன்னதைக் கேட்டுக் கொலரில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறார்கள். இரண்டு நாள் கொலரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தன் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கிவிட்டான். நான் பார்த்தபோது வலக்கையில் பழைய பல்தடம் தழும்பாக நின்றது. வேப்பெண்ணெயை விட்டதும் மணிக்கட்டை விட்டுக் கொலருக்குத் திரும்பியிருக்கிறான்.

இந்த ஒரு தகவலிலேயே விடையில் பாதி இருந்தது. பிள்ளைக்கு வேண்டியது கொலர் அல்ல, கடிப்பது. ஒன்றை மறித்தால் இன்னொன்றைத் தேடும். தடுக்கும்போது அது பெரும்பாலும் தன் உடம்பிலேயே போய் நிற்கும்.

பெத்தா வேறொன்று சொன்னார். "வயித்துப் பூச்சிதான் புள்ள. பூச்சி இருந்தாத்தான் கண்டதையும் வாயில வைக்கும்." நான் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவருடைய சொல்லை அன்றே கோப்பில் எழுதியிருக்க வேண்டும்.

முதல் ஏழு கிழமை

நான் செய்தது பலரும் செய்வதுதான். நிலையத்தில் இருந்த மென்மையான சிலிக்கன் சப்புபொருள் ஒன்றைக் கொடுத்தேன். கழுத்தில் மாலையாகப் போடும் வகை. முதல் நாளே பிடித்துக்கொண்டான். நிலையத்தில் இருக்கும் ஒன்றரை மணித்தியாலத்தில் கொலர் வாய்க்குப் போனது இரண்டு தடவை மட்டும். கோப்பில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி வைத்தேன்.

பல்லால் இறுக்கிக் கடிக்கும்போது தாடை மூட்டிலும் கன்னத்துத் தசைகளிலும் உள்ள உணர்முனைகள் மூளைக்கு வலுவான செய்தி அனுப்புகின்றன. உடம்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று சொல்லும் செய்தி அது. இரைச்சலிலும் குழப்பத்திலும் தடுமாறும் பிள்ளைக்கு அந்த அழுத்தம் ஒரு பிடிமானம். பரீட்சையில் பேனா மூடியைக் கடிப்பவர்களிடமும் இதே வேலைதான் சிறிய அளவில் நடக்கிறது. பெத்தாவுக்கு இதை விளக்கியபோது அவர் மடியிலிருந்த வெற்றிலைப் பையைத் தொட்டுப் பார்த்து, "நானும் இது இல்லாட்டி ஒரு இடத்தில இருக்க மாட்டன்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேரனை "சப்பாத" என்று அதட்டவில்லை.

புலன் உணர்வுகளில் மிகையான அல்லது குறைவான எதிர்வினை காட்டுவது 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. எனவே சப்புவதை 'கெட்ட பழக்கம்' என்று பார்க்கும் காலம் போய்விட்டது. ஆனால் சப்புபொருள் ஒரு மருந்து என்ற அளவுக்கும் போகக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, புலன் சார்ந்த சிகிச்சைகளுக்கான சான்றுகள் மட்டுப்பட்டவை, முழுமையான திட்டத்தின் ஒரு பகுதியாக மட்டும் பயன்படுத்தலாம் என்று சொன்னது. சப்புபொருளைப் பற்றித் தனியாக நடந்த ஆய்வுகள் மிகச் சொற்பம். பெற்றோரிடம் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இது உங்கள் பிள்ளைக்கு உதவுகிறதா என்பதை எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

எழுதிப் பார்க்கும் வேலைக்காக விசேட கல்வி அலகின் ஆசிரியையிடம் ஒரு கொப்பி கொடுத்தேன். அங்கே ஒரு தடங்கல். பிள்ளை கொண்டுபோன சப்புபொருளை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து அவர் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்று நாள் பிள்ளை மணிக்கட்டைக் கடித்தான். அவரைக் குறைசொல்ல எனக்கு நியாயமில்லை. கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது நான். நேரில் போய்ப் பேசிய பிறகு, நான் கேட்டதைவிட நுணுக்கமாகக் குறித்தவர் அவர்தான். காலைக் கூட்டத்தின் ஒலிபெருக்கி, எழுதும் நேரம், வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் கடைசி இருபது நிமிடம் ஆகிய மூன்றிலும் கொலர் வாயில்தான். படம் வரையும்போது ஒரு தடவைகூட இல்லை.

வலை பொத்தும் திண்ணை

மாசி நடுப்பகுதியில், போகிற போக்கில் தாய் சொன்ன ஒரு வார்த்தை எல்லாவற்றையும் மாற்றியது. வீட்டில் எப்போது அமைதியாக இருப்பான் என்று கேட்டிருந்தேன். "வலை பொத்தக்குள்ள மிஸ். அப்பாட பக்கத்தில குந்தினா ரெண்டு மணித்தியாலம் சத்தமே இருக்காது."

ரெண்டு மணித்தியாலம் என்றதும் எனக்கு ஒரு நெருடல். "அந்த நேரம் வாயில என்ன வச்சிருப்பான்?"

தாய் யோசித்தார். "வலைதான்."

அடுத்த நாள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வீச்சு வலை விரித்துக் கிடந்தது. அதன் அடிவிளிம்பைச் சுற்றி நூற்றுக்கணக்கில் ஈயக் குண்டுகள். வலை எறியும்போது விரிந்து விழுந்து நிலத்தைப் பிடிப்பதே அந்தப் பாரத்தால்தான். தகப்பன் வலையின் பிய்ந்த கண்களை ஊசியும் நூலும் கொண்டு பொத்திக்கொண்டிருந்தார். மகன் அவர் தோளில் சாய்ந்தபடி விளிம்பை எடுத்து, குண்டு குண்டாகக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டு போனான், தங்கச்சி மாலை கோக்கும் வரிசையில். ஈயம் மெதுமையான உலோகம். பல்லுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆனால் உடையாது. அவன் தேடிய அழுத்தம் எந்த சிலிக்கனிலும் கிடைக்காத அளவு அங்கே கிடைத்தது. வலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்குக் குண்டுகளில் பல்தடம் பதிந்து பளபளத்தது.

தகப்பனிடம் சொன்னபோது அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் மிஸ் ஈயத்த உருக்கிக் குண்டு வார்க்கிற. இந்த முத்தத்திலதான்" என்றார்.

ஈயமும் இரும்பும்

ஈயம் உடம்புக்கு எந்த நன்மையும் செய்யாத நஞ்சு. வளரும் மூளைக்கு அது செய்யும் தீங்கு திரும்பிச் சரியாவதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரே அளவு ஈயம் வாய்வழி போனாலும் சிறு பிள்ளையின் குடல் வளர்ந்தவர்களைவிட நான்கு ஐந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் இன்னும் கூடுதலாக உறிஞ்சும்.

இரும்புச்சத்து அப்போதுதான் எனக்கு உறைத்தது. உணவல்லாததைத் தின்னும் பழக்கத்துக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் உள்ள தொடர்பு நீண்டகாலமாக அறியப்பட்டது. இவன் கொலர் நுனிகளைக் கடித்தது மட்டுமல்ல, விழுங்கியும் இருக்கிறான். காணாமற்போன நுனிகள் எங்கே என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். சப்புவதும் விழுங்குவதும் இருவேறு பிரச்சினைகள். விழுங்கும் பிள்ளைக்குச் சப்புபொருள் கொடுப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனை வேண்டும்.

போதனா வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குக் கடிதத்தோடு அனுப்பினேன். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 9.6 கிராம், இந்த வயதில் 11.5க்குக் குறைந்தால் குருதிச்சோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் லீற்றருக்கு 7 மைக்கிரோகிராம். 15க்கு மேல் இருக்க வேண்டும். ஈயத்துக்கான இரத்த மாதிரி கொழும்புக்குப் போய்ப் பதில் வர இரண்டு கிழமை எடுத்தது: டெசிலீற்றருக்கு 9 மைக்கிரோகிராம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை 45க்கு மேல்தான் வழமையாகத் தொடங்கும். ஆகவே இவனுக்கு வைத்தியம் ஈயத்தை அகற்றுவது, இரும்புச்சத்தை நிரப்புவது, திரும்பச் சோதிப்பது. தங்கச்சிக்கும் சோதித்தார்கள். அவளுக்கு 4.

வைத்தியர் முதல் கொடுத்தது பூச்சி மருந்து. கொழுக்கிப் புழு குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சினால் இரும்புச்சத்து எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. பெத்தா சொன்ன காரணம் முழுதாகச் சரியில்லை. ஆனால் அவர் கை காட்டிய திசை என்னுடையதைவிடச் சரியாக இருந்தது.

பல்லையும் பார்த்தோம். கீழ்த்தாடையில் இரண்டு பாற்பற்கள் சொத்தை. அவற்றுக்குப் பின்னால் ஆறு வயதில் வரும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் முளைத்துக்கொண்டிருந்தன. வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு ஈறு குறுகுறுத்தால் கடிப்பதைத் தவிர வழியென்ன? சொத்தையை அடைத்த கிழமையில் மணிக்கட்டைக் கடிப்பது ஏறத்தாழ நின்றுவிட்டது.

திண்ணையை என்ன செய்வது

ஈயம் உருக்குவது அன்றே நின்றது. முற்றத்தில் உருக்கிய இடத்து மண்ணை வெட்டி அகற்றிப் புதுமண் போட்டார்கள். திண்ணையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னோம்; கூட்டினால் தூசு எழும்பும். தொழிலால் வந்ததும் தகப்பன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, சேட்டை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தூக்க வேண்டும். வலை இப்போது கரையில் தோணிக்குப் பக்கத்தில் உயரக் கொம்பில் தொங்குகிறது.

இதெல்லாம் இலகுவான பகுதி. வலை திண்ணையை விட்டுப் போனபோது அந்த இரண்டு மணித்தியாலமும் போய்விட்டது. மகன் வெறும் திண்ணையில் குந்தித் தகப்பனின் கையை இழுப்பான். நாங்கள் நஞ்சை அகற்றினோம். அதோடு அந்தப் பிள்ளையின் நாளில் இருந்த ஒரேயொரு அமைதியான இடத்தையும் அகற்றிவிட்டோம். தாய் தொலைபேசியில் அழுதார். சப்புபொருள் உண்மையில் தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

எந்தச் சப்புபொருள்

முதலில் கொடுத்த மென்மையான மாலையை அவன் ஒன்பது நாளில் கடித்துப் பிய்த்திருந்தான். நெல்மணி அளவு துண்டொன்று குறைந்தது, விழுங்கியிருக்கிறான். கடி எவ்வளவு வலு என்று பார்க்காமல் கொடுத்ததன் விளைவு. இந்தப் பொருட்கள் மென்மை, நடுத்தரம், கடினம் என்று வருகின்றன. நிறத்தை வைத்துத் தெரிவு செய்ய முடியாது. ஒரு கம்பனியின் சிவப்பு இன்னொரு கம்பனியின் சிவப்பு அல்ல. துணியைக் கிழிக்கும் பிள்ளைக்கு மென்மை ஒருபோதும் போதாது.

மாலை வகையையும் இப்போது நான் கொடுப்பதில்லை. 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பல்முளைக்கும் குழந்தைகளுக்கும் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கும் விற்கப்படும் கடிக்கும் மாலைகள், வளையல்கள் பற்றி எச்சரித்தது. 18 மாதக் குழந்தை ஒன்று நித்திரையில் அம்பர் (இறுகிய மரப்பிசின்) மணி மாலை இறுகி இறந்த சம்பவம் அந்த எச்சரிக்கையில் இருக்கிறது. இழுத்தால் தானாகக் கழரும் கொளுவி உள்ள மாலைகளும் உண்டு. ஆனால் கழரும் கொளுவியை வீட்டில் யாராவது முடிச்சுப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். சேட்டில் குத்தும் கிளிப்பும் ஒரு சாண் பட்டியும் போதும்.

இதற்கிடையில் தகப்பன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு துண்டு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, கம்பியில் கோத்துக் கொண்டுவந்து காட்டினார். "வெளிநாட்டுச் சாமான் வாங்க எங்களிட்ட எங்க மிஸ் காசு." அந்தக் குழாய்த் துண்டை வேண்டாம் என்று சொன்னது இந்த முழு வேலையிலும் எனக்குக் கடினமான நிமிடம். தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக்கை மெதுமையாக்கச் சேர்க்கும் இரசாயனங்கள் வாயில் ஊறுவதற்கானவை அல்ல. கடித்தால் சில்லாகவும் உடையும். மோட்டார் சைக்கிள் ரியூப், அழிறப்பர், மலிவுக் கடையில் விற்கும் திரவம் நிரப்பிய பல்முளை வளையம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். உணவுத் தரச் சிலிக்கன் என்று எழுதியிருந்தாலும் வாங்கிய அன்றே இரண்டு கையாலும் முறுக்கி இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நிலையத்துக்கு உதவும் ஒருவர் மூலம் இரண்டு வாங்கினோம். சுத்தியல் வடிவில் கைபிடியோடு, சின்னவிரல் பருமன் தண்டு, கடினவகை. கைபிடி வாய்க்குள் போகாது என்பதுதான் அந்த வடிவத்தின் காவல். அமெரிக்க விளையாட்டுப் பொருள் விதிகளில் சிறுதுண்டு சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர், அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்வார்கள். முன்பல்லால் கடிக்க விடாமல் கடைவாயில் வைக்கப் பழக்கினோம், இரண்டு பக்கமும் மாறி மாறி. தாடைத் தசை வேலை செய்வது அங்கேதான்.

தாய்க்கு நான் சொன்ன கட்டளை மிகச் சில: காலையில் கொடுக்குமுன் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்க்கவும், கீறல் கண்டால் அன்றே குப்பைக்கு. நித்திரைக்கும் பஸ்ஸுக்கும் இல்லை. தங்கச்சிக்குக் கடன் இல்லை. முதல் தண்டு ஐந்து கிழமை நின்றது. இப்போதையது மூன்றாவது.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு உணவு மெல்லப் பழக்குவதற்கும் இதே தண்டுகளைப் பயன்படுத்துவார்கள். அது வேறு வேலை. விழுங்குவதில் சிக்கல் உள்ள பிள்ளையைப் பேச்சுச் சிகிச்சையாளர் பார்க்காமல் யாரும் வீட்டில் தொடங்க வேண்டாம்.

சாப்பாட்டுத் தட்டில்

இவன் சாப்பிட்டதெல்லாம் மெல்லத் தேவையில்லாதவை. தேத்தண்ணியில் தோய்த்த பாண், பிசைந்த சோறு, ஊறவைத்த பிஸ்கற். பல்லுக்கு நாள் முழுதும் வேலை இல்லை. சேட்டுத்தான் வேலை கொடுத்தது. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதையும் குறைக்கும். தேத்தண்ணியை இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே தள்ளினோம். பாண் கரையை வாட்டிக் கொடுத்துத் தொடங்கி, அரை அவியலில் நீளமாக வெட்டிய கரட், பிறகு அவித்த சோளன் பொத்தி. பொத்தியைக் கையில் பிடித்துக் கரம்பத் தொடங்கியபோது பெத்தா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். எருமைத் தயிரைக் கொஞ்சம் அடித்து ஸ்ரோவால் உறிஞ்சக் கொடுப்பது பாடசாலைக்குப் போகுமுன் நல்ல பலன் தந்தது. கெட்டியானதை உறிஞ்சக் கன்னம் கடுமையாக உழைக்க வேண்டும். கச்சானும் தேங்காய்ச் சொட்டும் தரவில்லை. மென்று பழகாத பிள்ளைக்கு அவை தொண்டையில் போய் நிற்கும்.

ஆடி வரை

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.4, ஈயம் 6. கொலர் நுனி விழுங்குவது சித்திரைக்குப் பிறகு இல்லை. ஆசிரியையின் கொப்பியில் ஒரு நாளின் எட்டுப் பாடவேளையில் ஏழில் இருந்த கொலர் இப்போது இரண்டில்: காலைக் கூட்டம், கடைசிப் பாடம். கூட்டத்தின்போது ஒலிபெருக்கியிலிருந்து தள்ளிப் பின்வரிசையில் நிற்க விட்டிருக்கிறார்கள். மழை பெய்து தகரக் கூரை இரைந்தால் எல்லாக் கணக்கும் பிழைத்துவிடுகிறது. அன்றைக்குக் கொலரும் வேண்டும், தண்டும் வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகலாமா என்று தாய் கேட்டார். போன வருடம் கூட்டத்துக்குள் மணிக்கட்டு இரத்தம் வரக் கடித்தவன். விடிய முன்னமே போய்க் கூட்டம் சேருமுன் திரும்பும்படியும், காதுமூடியும் தண்டும் எடுத்துப் போகும்படியும் சொன்னேன். முக்கால் மணித்தியாலம் நின்றார்கள். கையில் கடி இல்லை.

திண்ணைக்குத் தகப்பனே வழி கண்டார். பழைய வலை ஒன்றின் அடிவிளிம்பை முழுதாக வெட்டி எறிந்து, மீதியை மூன்று தண்ணீர் மாற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார். ஈயம் தொடாத புது ஊசியும் புது நூலும் தனியாக வாங்கினார். பின்னேரங்களில் இருவரும் அந்த வலையோடு குந்துகிறார்கள். தகப்பன் பிய்ந்த கண்ணைப் பொத்துவார். மகன் தண்டைக் கடைவாயில் வைத்துக்கொண்டு அடுத்த பிய்ந்த கண்ணைத் தேடி விரலை விட்டுக் காட்டுவான். அந்த வலையால் இனி மீன் பிடிக்க முடியாது. அவன் கண்டுபிடிக்கட்டும் என்று தகப்பன் அதில் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று கண்ணை அறுத்து வைக்கிறார்.

ஈயத்துக்கான அடுத்த பரிசோதனை புரட்டாசியில்.